நாள் குறித்துப் பழக்குகிறவர்கள்: அண்ணாவியார், ஆசான், வாத்தியார்

மட்டக்களப்பு ஊர் ஒன்றில் கூத்துப் போடுவதென்று முடிவானால் முதலில் தேடப்படுகிறவர் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார். கூத்தின் இரண்டு ஆட்ட மரபுகளான வடமோடி, தென்மோடியில் எது, எந்தக் கதை, எந்த மாதத்தில் அரங்கேற்றம் என்பதை ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து பேசி முடித்த பிறகு அவர் ஆட்களைப் பார்க்கத் தொடங்குகிறார். குரல் யாருக்கு எட்டும், துள்ளி ஆடும் கால் யாருக்கு இருக்கிறது, அரச வேடம் கட்டினால் யாருக்கு எடுக்கும் என்றெல்லாம் எடைபோட்டு, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதப்பட்ட பகுதியைக் கொடுக்கிறார். இதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். அதன் பின்னர் மாதக்கணக்கில், பெரும்பாலும் இரவு நேரங்களில், பழக்கம் நடக்கும். ஆட்டம் ஓரளவு காலில் ஏறியதும் ஒரு நாள் குறித்துச் சதங்கை அணிவார்கள். பிறகு வாரந்தோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்', வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம், அதற்கும் பிறகு வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல் என்று ஒரு கூத்தின் காலம் நீளும்.

இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு பாடத்திட்டம் போலவே தோன்றுகிறது. சதங்கை அணிதல் இடைத்தேர்வு, அடுக்குப் பார்த்தல் மாதிரித் தேர்வு என்று வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். ஆனால் வகுப்பறைக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இங்கே யாரும் 'கூத்துப் படிக்க' வருவதில்லை. ஒருவர் கர்ணனைப் பழகுகிறார், இன்னொருவர் வீமனைப் பழகுகிறார். அவர்கள் பழகுவதற்குக் காரணம், இன்ன மாதத்தில் இன்ன இரவு களரியில் ஏற வேண்டும் என்று ஊர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்பதே. கிழமைக் கூத்துக்கு வந்து உட்காரும் பழைய ஆட்டக்காரர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்டுவதும், வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் சிறுவர்கள் அடுத்த நாள் மணலில் அதே ஆட்டத்தை ஆடிப் பார்ப்பதும் இந்தக் கற்பித்தலுக்குள்ளேயே அடங்கும். அண்ணாவியாருக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. பெரும்பாலும் வயலோ, கடலோ, வேறு தொழிலோ உள்ளவர். கூத்து நடக்கிற மாதங்களில் அவர் மத்தளத்தைக் கையில் எடுக்கிறார். மற்ற மாதங்களில் ஊரில் ஒருவராக இருக்கிறார்.

இப்படி ஊருக்குள் இருந்துகொண்டு மரபு இசையையும் கூத்தையும் ஆட்டத்தையும் பழக்குகிறவர்களுக்குத் தமிழில் ஒரே பெயர் இல்லை. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் வாத்தியார். பறையிலும் சிலம்பத்திலும் ஆசான். நாதசுரத்திலும் தவிலிலும் வித்துவான். பெயர்கள் வேறாக இருந்தாலும் இவர்களது வேலையில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இவர்கள் கற்பிப்பது எப்போதும் ஒரு நிகழ்வை முன்னிட்டது: திருவிழா, கல்யாணம், சாவு, அரங்கேற்றம். மரபுக் கலைகள் நலிவதைப் பற்றிப் பேசும்போது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றோ கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்றோ தான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டு பேரும் இருக்கும் இடங்களிலும் கலை தொடராமல் போவதைக் காணலாம். அங்கே இல்லாமல் போனது குறிக்கப்பட்ட நாளும், அந்த நாளுக்கு முந்தைய மாதங்களுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்விக்கான பதிலும் தான்.

நாதசுரத்தை எடுத்துக்கொள்வோம். வித்துவான் வீட்டிலேயே தங்கி, அந்த வீட்டு வேலைகளையும் செய்துகொண்டு பயிலும் குருகுல முறையில்தான் காவிரிக் கரையின் பெரும் வித்துவான்கள் உருவானார்கள். விடியற்காலைச் சாதகம், கீர்த்தனைப் பாடம் ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைவிடக் குறைவாகவே கவனிக்கப்படுவது ஒத்து. நாதசுரத்தைப் போன்றே இருக்கும், ஆனால் விரல் துளைகள் இல்லாத அந்தக் கருவியில் ஒரே சுருதியை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் சீடப் பிள்ளையாக இருப்பார். தாளம் போடுகிறவரும் அப்படித்தான். சாமி புறப்பாட்டில் நான்கு வீதியும் சுற்றி வருகிற நேரம் முழுவதும் அந்தப் பையன் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. ஆனால் வித்துவானின் தோளுக்கு அருகில் நின்று ஒவ்வொரு பிடியையும் கேட்கிறான். எந்த வீதியில் எந்த ராகம் எடுக்கப்படுகிறது, கூட்டம் நின்றால் ஆலாபனை எப்படி நீள்கிறது, தவில்காரருக்கு எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், சீவாளி மக்கர் செய்தால் முகம் சுளிக்காமல் எப்படி மாற்றிக்கொள்வது என்பதையெல்லாம் அவன் கற்றது அங்கேதான். ஏழு விரல் துளைகளும் நாணலால் செய்த ஒரு சீவாளியும் கொண்டு, உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் கமகங்களைப் பிறப்பிக்க வேண்டிய கருவி அது. அந்த நுட்பத்தில் பெரும்பகுதியை வாயால் விளக்க முடியாது. பக்கத்தில் நின்றுதான் பிடிக்க வேண்டும்.

பின்னர் சுருதிப் பெட்டி வந்தது. மின்சாரத்தில் ஓடும் பெட்டி சுருதி தவறாது, சோறு கேட்காது, பயணச் செலவும் வைக்காது. குழுவை ஒரு ஆள் குறைத்துக்கொள்ளலாம் என்பது கல்யாண வீட்டுக்காரருக்கும் வசதி. இந்த மாற்றத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் பெட்டி பிடித்துக்கொண்டது வெறும் ஒரு வாத்தியத்தின் இடத்தை மட்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கச்சேரிக்குள் ஒரு மாணவன் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு இருந்த இடமும் அதோடு போய்விட்டது. இன்றைக்கு நாதசுரம் பயில்கிற ஒருவர் வகுப்பில் வர்ணமும் கீர்த்தனையும் முறையாகக் கற்றுவிடுகிறார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எந்தச் சூழலில், எவ்வளவு நேரம், எந்த விறுவிறுப்பில் வாசிப்பது என்பதைக் கோயில் வாசலுக்கு வந்த பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் ஆகிய ஏழு துறைகளில் மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. குறைந்த கட்டணத்தில், சாதியோ குடும்பப் பின்னணியோ கேட்காமல் நாதசுரமும் தவிலும் எவருக்கும் கற்பிக்கும் ஏற்பாடு இது. குருகுலத்தின் பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கதவு எத்தனை பேருக்குச் சாத்தியிருந்தது என்பதையும், வித்துவானின் வீட்டில் சீடனின் ஆண்டுகள் எப்படியெல்லாம் கழிந்தன என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பள்ளியால் தர முடியாதது அந்த ஒத்துக்காரரின் இடம்தான். கோயில்களில் நாதசுர, தவில் பணியிடங்கள் நிரப்பப்பட்டு, ஒவ்வொரு பணியாளரோடும் ஓர் இளையவர் ஊதியத்தோடு உடன் நிற்க வழிசெய்தால் பள்ளிக்கும் புறப்பாட்டுக்கும் இடையிலான இடைவெளி குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. கும்பகோணம் பகுதியின் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குக் கிடைத்த அந்தக் கவனம் மகிழ்ச்சிக்குரியது. வாசிப்பவர் இருந்தால்தான் கடைபவருக்கு வேலை என்பதால் இரண்டும் ஒரே கணக்குத்தான்.

தெருக்கூத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் தொடர்ந்து நடந்து தீமிதியோடு நிறைவடையும். கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். ஜமாவில் சேரும் சிறுவன் முதலில் பெட்டி தூக்குவான், வேடம் கட்டுகிறவர்களுக்குக் கயிறு இழுத்துக் கட்டுவான், பின்பாட்டில் குரல் சேர்ப்பான். பிறகு சிறு வேடங்கள். தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகளின் பாரத்தோடு இரவு முழுவதும் பாடி ஆடும் முதன்மை வேடத்துக்கு வர ஆண்டுகள் ஆகும். பருவம் முழுவதும் ஊர் ஊராகப் பயணம், விடிந்த பிறகு தூக்கம் என்றிருக்கும் இந்த வாழ்க்கையில் பள்ளிக்கூடத்துக்கு இடமே இல்லை. கூத்தா, படிப்பா என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெற்றோர் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் என்ன தவறு இருக்க முடியும்?

சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தவரும், மரக்கட்டை அணிகளால் கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இந்தக் கூத்தின் கலைஞருமான பெ. ராஜகோபால் இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறை விடை தேடினார். 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக, காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிக் கல்வியையும் கூத்தையும் சேர்த்துப் பயின்றார்கள். அதுவரை ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கூத்தில், பெண் குழந்தைகள் ஆண் பிள்ளைகளோடு சமமாகப் பயிற்சி பெற்றார்கள் என்பது இதன் பெரிய மாற்றம். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நடந்து, 2020இல் குருகுலம் மூடப்பட்டது. தங்குமிடம், உணவு, பள்ளி, இசை, ஆட்டம் எல்லாவற்றையும் ஒரு கலைஞரின் அமைப்பே சுமப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதே வேளையில், அங்கே பயின்று வெளியேறியவர்கள் பாரதக் கதையை அறிந்தவர்களாக மட்டுமன்றித் தேர்வும் எழுதியவர்களாக இருந்தார்கள். கூத்துக்காரர் என்றால் படிக்காதவர் என்ற நெடுநாள் எண்ணத்தை அது அசைத்தது.

வாத்தியாரைத் தேடி வெளியுலகம் வந்த வழியும் இங்கே உண்டு. புரிசைக் கூத்துப் பரம்பரையின் கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து கூத்தின் உடல்மொழியை நவீன நாடகத்துக்குக் கொண்டுசென்றது 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை. நகரத்து நடிகர்கள் கூத்து அடவுகளைப் பயின்றதால் நவீன நாடகத்துக்குக் கிடைத்த வளம் பெரிது. வாத்தியாருக்குக் கிடைத்தது மரியாதையும் புதிய மேடைகளும். ஆயினும் நகரத்து மாணவர் பழகுவது அடவை. ஊர்ப் பிள்ளை பழகுவது துரியோதனனை. இரண்டும் ஒரே ஆசிரியரிடம் கற்ற வெவ்வேறு பாடங்கள்.

பறைக்கு வரும்போது கற்பித்தல் என்ற சொல்லையே சற்று நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. பறை அடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்த ஊர்களில், அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்பது அந்த ஊழியத்தைக் கைமாற்றிக் கொடுப்பதாகவும் இருந்தது. சாவு வீட்டில் அடிக்கக் கூப்பிட்டால் மறுக்க முடியாது, மறுத்தால் அடி உதை என்ற நிலையில், என் மகன் இந்தக் கருவியைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்த தந்தைகள் இருந்தார்கள். பறையை ஒதுக்கிய அந்த மறுப்பைக் கலை அழிவு என்று யாராவது வருத்தப்பட்டால் அவர் யார் பக்கம் நின்று பார்க்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும். அது விடுதலைக்கான ஒரு வழி. அதே கருவியை எடுத்து நிமிர்ந்து அடிப்பதும் விடுதலைக்கான வழியே என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட சமூகங்களின் இளம் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடாத கருவியைப் பெண்கள் தெருவில் நின்று அடித்தார்கள் என்பது இரண்டு தடைகளை ஒரே நேரத்தில் தாண்டிய செயல். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், ஊர் ஊராகச் சென்று எண்ணற்ற மாணவர்களுக்குப் பறையைப் பழக்கியவர். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 'ஆசான்' என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

ஒரு பறைப் பயிற்சியை அருகிலிருந்து பார்த்தால் முதல் பாடம் அடியில் தொடங்குவதில்லை என்பது தெரியும். சுள்ளியும் வைக்கோலும் போட்டு நெருப்பு மூட்டி, பறையைச் சாய்த்துப் பிடித்து, தோலைக் காய்ச்சுவதில் தொடங்குகிறது. கூடுதலாகக் காய்ந்தால் தோல் கிழியும். போதாவிட்டால் தொளதொளவென்று கிடக்கும். விரலால் சுண்டிப் பார்த்து, 'கணீர்' என்று எழும் கட்டம் வந்ததும் எடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தைச் சொல்ல அளவுகோல் கிடையாது. ஆசான் சுண்டுகிறார், மாணவர் கேட்கிறார், பிறகு மாணவர் சுண்டுகிறார். அடுத்து தோளில் தொங்கவிடுவது, ஒரு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பு. அடிகள் வாயால் சொல்லப்பட்டே கைக்கு வருகின்றன. வாய்ச்சொல் பிசகாமல் வந்துவிட்டால் கை தானாகப் பின்தொடரும் என்பது ஆசான்களின் அனுபவம். அதன் பிறகுதான் கால். அடியும் ஆட்டமும் தனித்தனியாக வந்துவிடும். இரண்டையும் சேர்க்கிற நாளில் எல்லாம் குழம்பும். புதியவர்களில் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது அந்த வாரத்தில்தான் என்று யாராவது ஆசான் சிரித்துக்கொண்டே சொன்னால் நம்பலாம்.

இன்று கல்லூரி மாணவர்கள், கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாத் தரப்பினரும் பறை பயில்கிறார்கள். இது முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கற்பனைக்கே எட்டாதது. இந்த வளர்ச்சியில் ஒரு நெருடலும் இருக்கிறது. வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் சில அடிகளைக் கற்றவர் விரைவில் தாமே பயிலரங்கு நடத்தத் தொடங்குகிறார். அவருக்கு ஆங்கிலம் பேசவும் இணையத்தில் விளம்பரம் செய்யவும் தெரிந்திருக்கிறது. இரவு முழுவதும் அடி மாற்றி அடிக்கத் தெரிந்த ஊர்க் கலைஞர் அந்த வட்டத்துக்குள் அழைக்கப்படுவதில்லை. மேடையில் பறையைக் கொண்டாடும் ஊரே, சாவு வீட்டில் அடிப்பவரைத் தள்ளி நிறுத்துவதும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பறை எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று விரும்புகிறவர்கள், கற்பிக்கும் கூலி யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொங்குப் பகுதியின் வள்ளி கும்மி நேர்மாறான ஒரு நிலையைக் காட்டுகிறது. அங்கே கற்பதற்கு ஆட்களைத் தேட வேண்டிய தேவை இல்லை. ஆசிரியர் ஓர் ஊருக்கு வந்து, மாலை வேளைகளில் திடலில் நிற்க வைத்துப் பாட்டையும் அடியையும் பழக்கி, பழகி முடித்ததும் அந்த ஊரிலேயே அரங்கேற்றம் வைத்து, அடுத்த ஊருக்குப் போகிறார். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன், ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் பழக்கியவர் என்பதற்காகவே பெரிதும் அறியப்பட்டார். 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். ஊரே கூடி அரங்கேற்ற நாளைக் குறிப்பதும், அதற்காகச் சீருடைச் சேலை எடுப்பதும், வெளியூர் உறவுகளை அழைப்பதும் பார்த்தால் மட்டக்களப்பின் சதங்கை அணிதல் நினைவுக்கு வருகிறது. கலைகள் வேறு, கடலும் இடையில் இருக்கிறது. ஆனால் பொறிமுறை ஒன்றேதான். நாள் குறித்தார்கள், ஆசிரியரை அழைத்தார்கள், செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அரசுகள் இந்தப் பொறிமுறையைத் தங்கள் கையில் எடுக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு உலகில் சில பழைய சோதனைகள் உண்டு. ஜப்பான் 1950இல் இயற்றிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, கலையையும் கைவினையையும் உடலில் சுமக்கும் மனிதர்களையே தேசியச் சொத்தாக அங்கீகரிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதன் நோக்கம் கலைஞர் தம் திறனைப் பேணி அடுத்தவருக்குப் பழக்க வேண்டும் என்பது. கொரியா 1962இல் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தது. கலைஞர் ஒருவர் மரபின் உரிமையாளராக அறிவிக்கப்பட்டால் கற்பிப்பது அவருடைய கடமை. அவரிடம் பயின்று முடித்தவர், உதவிப் பயிற்றுநர் என்று படிநிலைகளும் உண்டு. கற்பிக்கும் உழைப்புக்கு ஊதியம் என்ற கொள்கையை இவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்ட நாடுகள் அதிகம் இல்லை. ஆனால் கொரியச் சட்டம் 'மூல வடிவம்' மாறக் கூடாது என்று வலியுறுத்தியதால் பாட்டும் ஆட்டமும் பதிவு செய்யப்பட்ட நாளின் வடிவத்திலேயே உறைந்துபோயின என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது. 2016இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கொள்கையைத் தளர்த்தி, அடிப்படை இயல்பு காக்கப்பட்டால் போதும் என்ற நிலைக்கு வந்தது. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டிருந்தால் இதை முன்பே சொல்லியிருப்பார்: ஆட்டக்காரரின் குரல் எட்டாவிட்டால் பாட்டைச் சற்று இறக்கிப் போடுவதுதான் வழி.

அருகிலேயே கேரள கலாமண்டலத்தின் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1930இல் கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று தொடங்கிய அந்நிறுவனத்தில் 1965இல் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்துக்குப் பிரிவு உருவானபோது, பைங்குளம் ராம சாக்கியார், கோயில் கூத்தம்பலத்துக்குள் தம் சமூகத்தார் மட்டுமே ஆடிவந்த கலையைப் பிற சமூக மாணவர்களுக்கும் கற்பிக்க முன்வந்தார். அந்த முடிவுக்காக அவர் எதிர்ப்பைச் சந்தித்தார். 2001இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தைச் சிறப்பித்தபோது அதைத் தாங்கி நின்றவர்களில் கணிசமானோர் அந்தத் திறந்த கதவு வழியாக வந்தவர்கள். கலையைத் திறந்துவிட்டால் அது நீர்த்துப்போகும் என்ற அச்சம் எல்லா ஊரிலும் உண்டு; கூடியாட்டத்தில் நடந்தது, திறந்துவிடாமல் இருந்திருந்தால் ஆட ஆளே இருந்திருக்க மாட்டார்கள் என்பது.

நம் பள்ளிகளில் நிலைமை வேறு. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை போன்ற பாடங்களுக்கான அவர்களது வேலை, வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் என்று கணக்கிடப்பட்டது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்படும் கலைத்திருவிழாவில் பறையும் கூத்தும் கும்மியும் போட்டிப் பிரிவுகளாக மேடை ஏறுவது நல்ல மாற்றம். குறிக்கப்பட்ட நாள் ஒன்று கிடைத்துவிட்டது. அந்த நாளுக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளுக்குப் பழக்க ஊர்க் கலைஞர் அழைக்கப்படுகிறாரா, அழைக்கப்பட்டால் அவருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பது ஒவ்வொரு தலைமையாசிரியரின் மனத்தையும் பையையும் பொறுத்ததாக இருக்கிறது. யூடியூபைப் பார்த்துப் பழகிவிட்டு வரும் குழுக்களுக்கும் ஆசானிடம் பழகி வரும் குழுக்களுக்கும் மேடையில் அதே சில நிமிடங்கள்தான். வேறுபாடு நடுவருக்குத் தெரியும். பல வேளைகளில் மதிப்பெண் தாளில் அதற்கு இடமிருக்காது.

மட்டக்களப்புக்கே திரும்பினால், அங்கும் கல்வி நிறுவனம் கூத்தைத் தேடி வந்த கதை உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்களுக்குக் கூத்தைப் பழக்கினார். விடிய விடிய நடந்த கூத்து ஒன்றரை மணி நேரம் அளவுக்குச் சுருக்கப்பட்டு, வட்டக்களரியிலிருந்து முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை அப்படி உருவானவை. படித்தவர்கள் நாட்டார் கலை என்று ஒதுக்கியிருந்த கூத்துக்கு அவை பெற்றுத் தந்த மதிப்பு பெரிது. பின்னாளில் அதே முயற்சி மறுபரிசீலனைக்கும் உள்ளானது. கூத்து ஊரைவிட்டு மேடைக்கு வந்தபோது ஊர் எங்கே போயிற்று என்று கேட்டவர்களில் கூத்து ஆய்வாளர் சி. ஜெயசங்கர் முதன்மையானவர். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் அவர் ஊராரோடு சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கத்தில், கூத்தின் உள்ளே பெண்ணும் சாதியும் காட்டப்படும் விதத்தை ஆடுகிறவர்களும் அண்ணாவியாரும் கூடிப் பேசி மாற்றினார்கள். கற்பித்தலின் நடுவிலேயே விவாதம் நடந்தது. களரி ஊரிலேயே இருந்தது.

போரும் இடப்பெயர்வும் ஆழிப்பேரலையும் கண்ட அந்தக் கரையில் கூத்து எப்படியோ தொடர்கிறது. ஆனால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அண்ணாவியாராக வருகிறவர் எவரும் நேரே அந்த இடத்துக்கு வருவதில்லை. சிறு வேடம், பெரு வேடம், பிற்பாட்டு, சல்லாரி என்னும் தாளம் என்று பல கூத்துகளைக் கடந்த பிறகே ஒருவர் மத்தளத்தை எடுக்க ஊர் சம்மதிக்கும். ஐந்து கூத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூத்து நடந்தால், பதினெட்டு வயதில் முதல் சட்டம் வாங்கிய இளைஞர் இருபத்தாறில் ஐந்தாவது கூத்தை முடித்திருப்பார். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றால் அவருக்கு அப்போது வயது ஐம்பது. அவருக்குப் பழக்கிய அண்ணாவியார் அதுவரை இருந்து, மத்தள வாரைத் தம் கையாலேயே அவர் தோளில் மாட்டிவிட வேண்டும்.